சரவிளக்கை எடுத்தோம், செவியை விட்டோம்

மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் 23 ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2016ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. அன்று முதல் அதன் உட்புறப் படங்கள் கைபேசி வழியே நாடெங்கும் உலவுகின்றன. பொன் பூசிய மாடங்கள், சிவந்த இருக்கைகள், ஓவியம் தீட்டிய விதானம், கண்ணாடிச் சரங்கள் தொங்கும் பெரும் விளக்குகள். இப்படங்கள் வந்து சேர்ந்திருக்கும் இடங்களுள் ஒன்று நம் பங்குகளின் ஆலயக் கட்டடக் குழு. "சாமி, உள்ளே இந்த மாதிரி செய்துவிடலாம்" என்று படத்தை நீட்டுகிறவர்களை நான் சமவெளியிலும் கண்டேன். இப்போது பணியாற்றும் ஜவ்வாது மலையிலும் காண்கிறேன். அவர்களுள் சிலர் அது ஓர் ஆலயம் என்றே எண்ணியிருந்தார்கள். அது இசை நாடகம் பார்க்கும் கொட்டகை என்று சொன்னால், "அதனால் என்ன, அழகாக இருக்கிறதே" என்பதே பதில்.

அழகாகத்தான் இருக்கிறது. அதை மறுக்க நான் எழுதவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் உட்புறம் வெறும் அலங்காரமன்று. யார் எங்கே அமர்வது, யார் யாரைப் பார்ப்பது, யாருடைய குரல் யாருக்கு எட்டுவது என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடும் ஓர் ஆணை அது. ஓபரா அரங்கத்தின் ஆணை ஒன்று, ஆலயத்தின் ஆணை வேறொன்று. முன்னதன் மேலாடையை எடுத்துப் பின்னதற்குப் போர்த்துகிறோமே, அதனோடு எதை எடுத்து வருகிறோம், எதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பதே என் கேள்வி. எடுக்கத் தகாததை எடுக்கிறோம், எடுக்க வேண்டியதை விடுகிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் அந்த மும்பை அரங்கையே பார்ப்போம். கல்கத்தாவிலிருந்து நாடகக் குழுக்கள் நடத்திய மாரிஸ் பாண்ட்மன் என்பவரும், நிலக்கரித் தரகு நிறுவனத்தின் தலைவர் ஜஹாங்கீர் ஃப்ராம்ஜி கராக்கா என்ற பார்சியும் 1908இல் திட்டமிட்டது அது. கட்டுமானம் முடியுமுன்பே 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் திறந்துவைத்தார். பரோக் எனப்படும் ஐரோப்பியப் பாணியும் இந்திய வேலைப்பாடுகளும் கலந்த கட்டடம். உள்ளே நுழைந்தால் மேலே எட்டுப் பிரிவுகளாக வகுத்த குவிமாடம். கவிஞர்களுக்கும் நாடக ஆசிரியர்களுக்கும் செய்த மரியாதையாக அவற்றில் ஓவியங்கள். முன்கூடத்துச் சரவிளக்குகள் சசூன் குடும்பத்தார் நன்கொடை. அவர்களுடைய பைகுல்லா மாளிகையான 'சான் சூசி'யில் தொங்கியவை. தரையிருக்கைகளுக்குப் பின்னே பணக்காரக் குடும்பங்களுக்கான பாக்ஸ்கள். அவற்றுக்கு மேல் பால்கனி. எல்லாவற்றுக்கும் மேலே சாதாரண மக்களுக்கான காலரி.

அந்தக் காலரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மேடையில் பாடும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படியாக விதானம் அமைக்கப்பட்டது. ஒலிபெருக்கி இல்லாத காலம். பால கந்தர்வர் பாடியதும் பிருத்விராஜ் கபூர் நடித்ததும் அந்த மேடையில்தான். குறைந்த காசு கொடுத்தவனுடைய காதுக்கும் கட்டடக் கலைஞன் கணக்குப் போட்டிருக்கிறான். இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

பிறகு 1930களில் அது திரைப்படக் கொட்டகையாக மாற்றப்பட்டது, 1952இல் கோண்டல் மன்னர் குடும்பம் வாங்கியது, 1993இல் மூடப்பட்டது. மழைநீர் ஒழுகியது, சுதை வேலைகள் உதிர்ந்தன. மரபுக் கட்டடங்களைச் சீரமைப்பதில் பெயர் பெற்ற ஆபா நாராயண் லாம்பா பழைய நிழற்படங்களைக் கொண்டு, அழிந்துபோன பாக்ஸ்களையும் மீட்டெடுத்தார். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. இன்று 575 பேர் அமரலாம். பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பது நல்ல காரியம். நம்மவர் நூறாண்டுப் பழைய பீடங்களை ஓரிரவில் இடித்துக் கிரானைட் பதிப்பதைப் பார்த்து மனம் வெந்தவன் என்ற முறையில் அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன். ஆயினும் சசூன் குடும்பத்தின் செல்வத்தில் சீனத்துக்குக் கப்பலேறிய அபினிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை அந்தச் சரவிளக்கின் ஒளி மறைத்துவிடக் கூடாது.

பாக்ஸ் என்றேன். ஓபரா அரங்கம் என்ற கட்டட வகையின் கருவே அதுதான். 1637இல் வெனிஸ் நகரில், காசு கொடுத்து எவரும் நுழையலாம் என்று முதல் பொது ஓபரா அரங்கம் திறக்கப்பட்டது. அது இருந்த பங்கின் பாதுகாவலரான புனித காசியானின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். எவரும் நுழையலாம், ஆனால் எல்லாரும் ஒன்றாய் அமர முடியாது. குதிரை லாடம் போல் வளைந்த சுவரில் அடுக்கடுக்காக அறைகளை அமைத்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். மிலான் நகரின் லா ஸ்காலா 1778இல் திறக்கப்பட்டபோது இந்த முறை முழு வளர்ச்சி அடைந்திருந்தது. பாக்ஸ்கள் பிரபுக் குடும்பங்களின் சொத்து. விரும்பியபடி பட்டும் கண்ணாடியும் வைத்து அலங்கரித்துக்கொள்வார்கள். அங்கேயே சாப்பிடுவார்கள், சீட்டாடுவார்கள், விருந்தினரை வரவேற்பார்கள். நல்ல பாட்டு வந்தால் மேடைப் பக்கம் திரும்புவார்கள். உச்சி மாடியில் நெருக்கியடித்து நின்ற எளியவர்களே பாட்டைக் கவனித்துக் கேட்டவர்கள். தவறாய்ப் பாடினால் கூச்சலிட்டு விரட்டியவர்களும் அவர்களே. அவர்கள் ஏறிப் போகப் பக்கவாட்டில் வேறு வாயில்.

'ஸ்காலா' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த இடத்தில் நானூறு ஆண்டுகளாக நின்றிருந்த சாந்தா மரியா அல்லா ஸ்காலா என்ற மாதா கோவிலிலிருந்து. அந்தக் கோவிலை இடித்துத்தான் அரங்கம் எழுந்தது. கோவில் இருந்த இடத்தில் கொட்டகை வந்ததற்காக நான் புலம்பவில்லை. இன்று நாம் கோவிலை இடிக்காமலே அதைக் கொட்டகையாக்கும் கலையில் தேர்ந்துவிட்டோமே என்பதுதான் வருத்தம்.

பாரிஸ் மாநகரில் சார்ல் கார்னியே கட்டி 1875இல் திறந்த ஓபரா அரங்கம் இந்த வகையின் உச்சம் எனலாம். பல நிறச் சலவைக்கற்களால் ஆன அதன் பெரும் படிக்கட்டு, நாடகம் பார்க்க ஏறிச் செல்வோரையே நாடகமாக்குகிறது. சுற்றிலும் உள்ள மாடங்களில் சாய்ந்து நின்று, யார் எந்த ஆடை அணிந்து யாருடன் வருகிறார் என்று பார்ப்பதற்கு அங்கு வசதி செய்யப்பட்டிருக்கிறது. மூன்றாம் நெப்போலியனின் வண்டி நேரே கட்டடத்துக்குள் ஏறிவரத் தனிச் சாய்தளம் அமைத்தார்கள். அரங்கம் திறக்குமுன் அவர் ஆட்சியும் போயிற்று, ஆயுளும் போயிற்று. உள்ளே தொங்கும் சரவிளக்கின் எடை ஏழு டன். அது மேல் மாடியில் இருந்தவர்களுக்கு மேடையை மறைக்கிறது என்று அப்போதே குறை சொன்னார்கள். 1896இல் அதன் எதிர்ச்சுமைகளில் ஒன்று அறுந்து விழுந்து ஒரு பெண் இறந்தார். அவர் வாயில்காப்புப் பணி செய்து பிழைத்தவர். அன்று உச்சி மாடியில் அமர்ந்திருந்தார்.

"இதெல்லாம் உலகத்தார் கதை, நம் திருச்சபைக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்பீர்கள். உறவு உண்டு, நாம் விரும்பும் அளவை விட அதிகமாகவே உண்டு. உரோமையில் புனித பிலிப் நேரியின் செபக்கூடத்தில் பாடிய பக்திப் பாடல்களிலிருந்துதான் 'ஒரத்தோரியோ' என்ற இசை வடிவம் பிறந்தது. ஓபராவுக்கு அது உடன்பிறப்பு. அதே உரோமையில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா ஆலயத்தில், 1647க்கும் 1652க்கும் இடையில் சிற்பி பெர்னினி அமைத்த கொர்னாரோ சிற்றாலயம் இருக்கிறது. நடுவே அவிலாவின் புனித தெரேசாவின் பரவசநிலைச் சிற்பம். இருபக்கச் சுவர்களிலும் நாடக அரங்கின் பாக்ஸ் போன்ற மாடங்களைச் செதுக்கி, அவற்றில் பணம் கொடுத்த கொர்னாரோ குடும்பத்துப் பெரியவர்களை அமர்த்தியிருக்கிறார் பெர்னினி. அவர்களில் சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! புனிதையின் ஆன்மா இறைவனில் உருகும் வேளையில், நன்கொடையாளர் பாக்ஸில் உரையாடுகிறார். சிற்பத்தின் மேன்மையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் ஆலய முகப்புகளில் நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கற்கள் புனிதரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் மின்னுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொர்னாரோ குடும்பம் நினைவுக்கு வருகிறது.

பாட்டிலும் இது நடந்தது. 19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் திருப்பலிப் பாடல்கள் ஓபராப் பாடல்கள் போலவே ஒலித்தன. 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட மடல் நாடகப் பாணி இசை வழிபாட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது என்று தள்ளியது. (அதே மடல் பியானோவையும் முரசு போன்ற ஓசைக் கருவிகளையும் விலக்கியது. அதை அப்படியே ஏற்றிருந்தால் நம் பறையும் உறுமியும் பீடத்தை நெருங்கியிருக்க முடியாது. அந்தப் பகுதியை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தளர்த்தியது நம் பாக்கியம்.) சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 1963இல் வந்தது. ஆலயக் கலையில் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்றும், ஆலயங்கள் இறைமக்கள் வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்க ஏற்றவையாய் அமைய வேண்டும் என்றும் அது பணித்தது. பங்கேற்பு என்பதே அங்கு முதன்மை. பார்வையாளர் என்ற ஒரு வகுப்பை அது அறியாது.

வேறோர் உறவும் உண்டு. அது நம் மண்ணில் நடந்தது. நெல்லை நாட்டு வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் மேலிருந்து பார்த்தால் இரு கால்கள் பிரிந்த கால்சட்டை போலத் தோன்றும். ஒரு கிளையில் வேளாளர், மறு கிளையில் நாடார், இரு கிளைகளும் பீடத்தில் மட்டும் சந்திக்கும், நடுவே சுவர். லா ஸ்காலாவின் பக்க வாயிலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே காசு, இங்கே சாதி. மும்பையில் ஓபரா அரங்கம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1910ஐ ஒட்டி, சேசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை அகற்றினார்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், வெல்லவில்லை. புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் அழுக்கு உடைக்காரனுக்குக் கால்மாட்டுத் தரையும் காட்டுகிற சபையைக் கடிந்துகொள்கிறார். இருக்கை அமைப்பு இறையியல் ஆகும் இடம் அது. குருமடத்தில் எங்களுக்கு அதை ஒழுக்கநெறிப் பாடமாகக் கற்றுத் தந்தார்கள். கட்டடக்கலைப் பாடமாகவும் கற்றுத் தந்திருக்கலாம்.

இனி மலைவாழ்வோர் பக்கம் வருகிறேன். "சாமி, நகரத்து மக்களுக்கு மட்டுந்தான் பெருமையான கோவிலா? மலை மக்களுக்கு ஓட்டுக் கூரையே போதுமா?" என்று என்னை மடக்குகிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு மறுமொழியாகக் காட்டின் நடுவே எழுந்த ஓர் ஓபரா அரங்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

பிரேசில் நாட்டின் அமேசான் காட்டுக்குள், கடலிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவில் மனாவுஸ் என்ற நகரம். ரப்பர்ப் பால் பொன்னாய் விற்ற காலத்தில் அந்நகரத்து வணிகர்கள் பாரிசுக்கு நிகராக ஓர் அரங்கம் வேண்டும் என்று விரும்பினார்கள். 1896 டிசம்பர் 31 அன்று அமேசான் அரங்கம் திறக்கப்பட்டது. இத்தாலியச் சலவைக்கல், ஸ்காட்லாந்து எஃகு. 198 சரவிளக்குகள், அவற்றுள் 32 வெனிசின் முரானோக் கண்ணாடி. பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள் பதித்த குவிமாடம். விதானத்தில் என்ன ஓவியம்? காடு சூழ்ந்த ஊரில், ஐஃபல் கோபுரத்தின் அடியில் நின்று மேலே அண்ணாந்தால் எப்படித் தெரியுமோ அப்படி! கூரைக்கு மேலே அமேசான் வானம் விரிந்து கிடக்க, உள்ளே பாரிசின் இரும்புச் சட்டங்களை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரப்பரை எடுத்தவர்கள் யார்? மேல் அமேசானின் புட்டுமாயோ காடுகளில் பழங்குடி மக்கள் சாட்டையாலும் பட்டினியாலும் அடக்கப்பட்டு மரத்துக்கு மரம் விரட்டப்பட்டார்கள், ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1912இல் வெளிவந்து உலகை உலுக்கியது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று, நாடக இசையைக் கண்டித்த அதே பத்தாம் பயஸ், தென் அமெரிக்க ஆயர்களுக்கு 'லாக்ரிமாபிலி ஸ்டாத்து' என்ற சுற்றுமடலை எழுதி அப்பழங்குடி மக்கள்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்டித்தார். இந்த இரண்டாவது மடல் நம்மவர்க்கு அவ்வளவாகத் தெரியாது. முதலாவதை மட்டும் பாடகர் குழுவுக்கு எதிராக எடுத்துக்காட்டுகிறோம்.

அந்தச் செல்வம் எப்படிச் சரிந்தது என்பதிலும் நமக்குப் பங்குண்டு. ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் அமேசானிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அங்கே தோட்டம் போட்டுப் பால் வெட்டியவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் தமிழர்கள். அவர்கள் வெட்டிய மலிவான ரப்பர் 1910களில் சந்தையை நிரப்பியபோது மனாவுஸ் நகரம் வீழ்ந்தது. அரங்கம் பல பத்தாண்டுகள் அரவமற்றுக் கிடந்தது. ஒரு காட்டு மக்களின் இரத்தத்தில் ஏற்றிய விளக்கை இன்னொரு கூலி மக்களின் வியர்வை அணைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஜவ்வாது மலை மலையாளிப் பழங்குடியினர்க்கு இந்தக் கதை அந்நியமானதன்று. சந்தனம் எங்கள் காட்டில் வளர்ந்தது. மணம் எங்கெங்கோ போயிற்று. மரம் வெட்டும் கூலிக்காக எல்லை தாண்டியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு 2015 ஏப்ரல் 7 சாட்சி. அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேருள் எங்கள் மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தச் செம்மரம் சீனச் செல்வர் இல்லங்களில் அறைகலன்களாகும். மலை மக்களுக்குப் பெருமை வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தொலைவிலுள்ளோர் இல்லங்களின் பெருமைக்காக எங்கள் மக்கள் ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டார்கள். அதே பெருமையின் மலிவுப் பதிப்பைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்து அவர்கள் தலைக்குமேல் தொங்கவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. குவிமாடம்தான் வேண்டும் என்றால் எங்கள் மலையிலேயே ஒன்று இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 93 அங்குலத் தொலைநோக்கியைக் காத்து நிற்கும் அந்தக் குவிமாடம், இரவானால் பிளந்து வானத்தைக் காட்டுகிறது.

அரங்கக் கலை அறியாத மக்களுமல்லர் இவர்கள். மலையடிவாரத்துப் போளூர், செங்கம், கலசப்பாக்கம் பகுதிகளில் தெருக்கூத்து விடியும்வரை நடக்கும். மேடை இல்லை, மூன்று பக்கமும் மக்கள் தரையில் அமர்ந்திருப்பார்கள். இருவர் பிடிக்கும் ஒரு துணிதான் திரை. கட்டியங்காரன் பார்வையாளரிடம் நேரே பேசுவான், பதிலும் வாங்குவான். அங்கே தரை டிக்கெட் என்ற இழிவு இல்லை, ஏனென்றால் எல்லாமே தரை. (சேரி மக்களை ஒதுக்கி அமரவைத்த ஊர்களும் உண்டு, அதை மறைத்துப் பெருமை பேச மாட்டேன்.)

இப்போது அந்த மும்பைக் காலரிக்குத் திரும்புவோம். ஓபரா அரங்கங்களிடமிருந்து நாம் கற்கத் தக்கது ஒன்று உண்டு, அது செவியைப் பற்றியது. அங்குள்ள மரப்பலகைகளும், சுதை வேலைப்பாடுகளின் மேடு பள்ளங்களும், பாக்ஸ்களின் வாய்களும், துணி இருக்கைகளும் வெறும் அழகுக்கு இல்லை. அவை ஒலியைச் சிதறடிக்கின்றன, கொஞ்சம் உறிஞ்சுகின்றன. லா ஸ்காலா நிறைந்திருக்கும்போது அங்கே எழுந்த ஓசை அடங்க ஏறத்தாழ ஒன்றேகால் விநாடி ஆகும். அதனால்தான் சொல் சொல்லாகக் கேட்கிறது. ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னர் 1876இல் கட்டிய அரங்கில் பக்கவாட்டுப் பாக்ஸ்களையே நீக்கிவிட்டு, ஒரே சரிவில் மர இருக்கைகளை அமைத்து, வாத்தியக்காரரை மேடைக்கு அடியில் மறைத்து, விளக்குகளையும் தணித்தார். யூதர்மீது அவர் கக்கிய நஞ்சை மன்னிக்க முடியாது. ஆனால் அந்தக் கூடத்தில் பார்க்கப்படுவதைவிடக் கேட்பதற்கே முதலிடம் என்பது உண்மை. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் எழுந்த அரங்கையும் சொல்லலாம். மனாவுஸ் அரங்கம் திறந்த அதே ஆண்டு. ஹென்றி இர்வின் வடிவமைத்தது. இருக்கைகள் அரைவட்டமாகப் படிப்படியாய் உயரும். மேடையில் பேசுபவர் கத்த வேண்டியதில்லை.

நாம் என்ன செய்கிறோம்? சுவரெல்லாம் வழவழப்பான ஓடு, தரையெல்லாம் கிரானைட், மேலே சமதளக் கான்கிரீட், அதன்கீழ் ஃபால்ஸ் சீலிங்கில் வண்ண விளக்கு. கைதட்டிப் பாருங்கள், ஓசை சுவருக்குச் சுவர் மோதி நான்கைந்து விநாடி சுற்றும். வாசகர் அடுத்த சொல்லைச் சொல்லும்போது முந்தைய சொல் இன்னும் இறக்கவில்லை. இதைச் சரிசெய்ய எட்டு ஒலிபெருக்கிகள். அவை இரைச்சலை எட்டு மடங்காக்குகின்றன. பெருநகர் ஒன்றில் பெரும் பொருட்செலவில் புதுப்பித்த ஓர் ஆலயத்தின் அர்ச்சிப்பு விழாவுக்குச் சென்றிருந்தேன். முன்வரிசையில் பெஞ்சுகளை எடுத்துவிட்டு வெள்ளை உறை போட்ட சோபாக்கள், அவற்றில் நன்கொடையாளர்கள். அவர்களுக்கும் பீடத்துக்கும் இடையில் மூன்று ஒளிப்பதிவுக் கருவிகள். தலைக்குமேல் சரவிளக்கு. பின்னால் தூண் ஓரத்தில் நின்றிருந்த என் காதில் அன்றைய முதல் வாசகத்தின் ஒரு சொற்றொடர்கூடத் தெளிவாய் விழவில்லை. எந்த நூலிலிருந்து வாசித்தார்கள் என்பதைப் பிறகு புத்தகத்தைப் பார்த்தே அறிந்தேன். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். வேறென்ன செய்வார் பாவம்?

நம்பிக்கை கேட்பதால் வருகிறது என்பது புனித பவுலடியார் உரோமையருக்குச் சொன்ன போதனை. இறைவார்த்தைத் திருவழிபாடு முழுவதும் அதன்மேல் நிற்கிறது. ஓபரா அரங்கம் கட்டியவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை, வியாபாரம்தான் இருந்தது. ஆயினும் காலரியில் இருப்பவன் காசு கொடுத்திருக்கிறான், அவனுக்குக் கேட்க வேண்டும் என்ற நேர்மை இருந்தது. நம் மக்களும் காணிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

பணம் போதாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சரவிளக்குக்குக் கொடுக்கும் பணத்தில் கூரையின் கீழ் மரப்பலகை அடிக்கலாம். அல்லது ஓட்டையும் மரச்சட்டத்தையும் அப்படியே விடலாம். அவை கான்கிரீட்டைப் போல ஒலியைத் திருப்பி அடிப்பதில்லை, வெயிலையும் தடுக்கும். சுவரின் பின்பகுதியில் துளையிட்ட செங்கல் வைத்துக் கட்டினால் ஓசையும் அடங்கும், காற்றும் வரும்; எங்கள் ஊர்க் கொத்தனாருக்கே இது தெரியும். பீடத்தைச் சுற்றி மக்கள் மூன்று பக்கமும் அமரும்படி கூடத்தின் நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாம். கூத்து பார்த்துப் பழகிய மக்களுக்கு அது புதிதன்று. சோபா வேண்டாம்.

கட்டடக் குழுவினர் வரைபடத்தில் கையெழுத்து இடுமுன், கட்டியவரிடம் அவர் முன்பு கட்டிய ஆலயம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை வாசக மேடையில் நிறுத்தி ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பெஞ்சில் வயதான பாட்டி ஒருவரை உட்காரவைத்து, என்ன கேட்டது என்று அவரிடம் விசாரியுங்கள். விளக்கு வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.